குடையம்மா திருடிய வெற்றிலைக் கொடி

என் மாமியார் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் திருடினார். அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அந்தத் திருட்டின் லட்சணம் புரியும். பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்க ஓர் அறை உண்டு. கழிப்பறைக்கும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே, கம்பிவலை அடித்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே அத்தைக்குத் தலை நரைத்தது. வருகிற சாமானில் பாதி குடை என்பதால் டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் குடையம்மா.

சாமானைத் தொலைத்தவர்கள் வந்து கேட்டால் லேசில் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். "என்ன கலரு? பிடி வளைஞ்சிருக்குமா, நேரா இருக்குமா? எங்கயாவது ஒட்டுப் போட்டிருக்கீங்களா?" என்று சொந்தக்காரனையே திருடன் மாதிரி வியர்க்க வைப்பார். பல்செட்டைத் தொலைத்த ஒரு பெரியவரை, அந்த ஜன்னல் முன்னாலேயே வாயில் மாட்டிக் காட்டச் சொல்லி, அது சரியாக உட்கார்ந்த பிறகுதான் அனுப்பினார். வீட்டிலும் அதே கதைதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில், துணிக்கொடியில் காய்ந்த என் துண்டை எடுக்கப் போனால், "உன்னோடதுதானா? ஓரத்துல என்ன பூ போட்டிருக்கும், சொல்லு" என்பார். நான் சொல்வேன். சொல்லாவிட்டால் ஈரத்தலையோடு நிற்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு சபலம் உண்டு என்றால் அது வெற்றிலை. காம்பைக் கிள்ளிப் போட்டு, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பைத் தடவி, பாக்கை உள்ளே வைத்து மடிக்கிற வரைக்கும் வீட்டில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. மடித்து வாயில் போட்ட பிறகும் பேசக் கூடாது, ஏனென்றால் அவரால் பதில் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நிம்மதி நிலவுகிற நேரம் அது என்று என் வீட்டுக்காரர் சொல்வார், அவர் அம்மா காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

அந்த வெற்றிலை எங்கிருந்து வந்தது என்றால், கீழ்வீட்டுத் தையல்காரரிடமிருந்து. நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே முன்பக்கம் அவர் கடை, பின்பக்கம் அவர் வீடு, அதற்கும் பின்னால் எல்லாருக்கும் பொதுவான குழாயும் துவைக்கிற கல்லும். கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் சுவரில் அவருடைய வெற்றிலைக் கொடி வேர்விட்டு ஒட்டிக்கொண்டு, எங்கள் சமையலறை ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. யார் கேட்டாலும் பறித்துக் கொடுப்பார். கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். தைக்கக் கொடுத்த சட்டை மட்டும்தான் அவரிடமிருந்து சீக்கிரம் வராது.

அத்தை வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அந்தக் கடைக்குத்தான் போவார். ஒரு கால் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். தையல்காரர் மெஷினை மிதித்துக்கொண்டே ஊரில் யார் யாருக்கு இடுப்பு பெருத்திருக்கிறது என்று சொல்வார். அத்தை யார் யார் எதை எதைத் தொலைத்தார்கள் என்று சொல்வார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊரையே அளந்து முடித்துவிட்டு, ஆளுக்கொரு வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்திருப்பார்கள். அத்தைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. என்னோடு அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, சொன்னால் என்ன.

ஆனால் மற்றவர் சாமானைத் திருப்பிக் கொடுத்தே பழகிய கைக்கு, தினமும் ஒருவரிடம் சும்மா வாங்குவது உறுத்தத் தொடங்கியது. ஒரு நாள் அத்தை, "நானே ஒரு கொடி வச்சுக்கிறேன். எத்தனை நாளைக்கு உங்க கொடியில கை வைக்கிறது?" என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டார். அவரும் சந்தோஷமாக நல்ல கொடியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். அத்தை அதை மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் நட்டார். செத்துப்போனது. மறுபடி வாங்கினார். அதுவும் செத்தது. அதற்கடுத்ததற்கும் அதே கதிதான்.

ஏன் செத்தது என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் அத்தை மேலே போய், நட்ட கொடியைப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப நட்டு, மண்ணை அழுத்திவிட்டு வருவார். 

"அத்தை, பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தா எப்படி வேர் விடும்?" என்று கேட்டேன்.

"வேர் விட்டுச்சான்னு தெரியாம தண்ணி ஊத்தச் சொல்றியா? உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம நான் எந்த மூட்டையையும் வாங்கி வச்சதில்ல" என்றார்.

தையல்காரரோ வேறு காரணம் கண்டுபிடித்தார். ஊசியில் நூலைக் கோர்த்தபடி, ஏதோ ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. வெற்றிலைக் கொடிய கேட்டு வாங்கி நட்டா வராது. திருடி நடணும். என் கொடியே என் மாமனார் வீட்டுல திருடினதுதான். நான் கேட்டப்ப அவரு குடுத்ததெல்லாம் கருகிப் போச்சு. திருடினது பாருங்க, சுவரையே முழுங்கிடுச்சு."

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு பேசறீங்க? நானாவது திருடறதாவது!"

"நான் எதுவும் சொல்லலைக்கா. நீங்களும் எதுவும் கேட்கலை. சொல்லிட்டு எடுத்தா அது திருட்டு இல்ல, பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் வந்து, "அவரே திருடச் சொல்றாரு. அப்ப அது திருட்டா, இல்லையா?" என்பார். "இல்லை" என்றால், "அப்ப கொடி வராதே!" என்பார். "சரி, திருட்டுதான்" என்றால், "என்னைப் பார்த்தா திருடி மாதிரியா இருக்கு?" என்று சண்டைக்கு வருவார். இரண்டு பக்கமும் அடி வாங்கி எனக்கு அலுத்துவிட்டது. "அத்தை, ஒண்ணு திருடுங்க, இல்லை வெற்றிலையை விடுங்க" என்று ஒரு நாள் கத்தியேவிட்டேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீயும் கூட வரணும்" என்றார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கிளம்பினோம். திட்டம் இதுதான்: நான் கடையில் தையல்காரருக்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும். அத்தை பின்பக்கமாகப் போய் வேலையை முடிக்க வேண்டும். கடை வாசல் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அங்கே நின்று, வெட்ட ஒன்றும் கொண்டுவரவில்லையே என்று வெறுங்கையைப் பார்த்துவிட்டு, அத்தை தையல்காரரிடமே கேட்டார். "தம்பி, அந்தக் கத்திரிக்கோலைக் கொஞ்சம் குடுங்களேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல்காரர்கள் துணி வெட்டுகிற கத்திரியைப் பெற்ற பிள்ளைக்குக்கூடத் தர மாட்டார்கள். வேறு எதையாவது வெட்டினால் முனை போய்விடும் என்று உயிரை விடுவார்கள். இவரோ எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்து நீட்டினார். அத்தை அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "நூல் வெட்டணும்" என்று சொல்லிவிட்டு, நூலே இல்லாத கொல்லைப்பக்கம் போனார்.

நான் தலையணை உறையைப் பற்றிப் பேசினேன். ஓரத்துக்குச் சுருக்கம் வைக்கலாமா, வேண்டாமா என்றேன். பொத்தானா, நாடாவா என்றேன். தலையணை உறையில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். தையல்காரர் ஜன்னலோரமாகத் திரும்பி உட்கார்ந்து, மெஷினைப் பேய்வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். மெஷினில் துணியே இல்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

அத்தை வந்து கத்திரியைத் திருப்பிக் கொடுத்து, நன்றியும் சொன்னார். மாடிக்கு வந்ததும் முந்தானையை விரித்துக் காட்டினார். கட்டைவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில், பழுப்பேறிய முரட்டுத் தண்டு. இலை என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை.

"இது எங்க வெட்டினீங்க அத்தை?"

"அடியில. மேல வெட்டினா இலை குறைஞ்சது தெரியும்ல? கல்லுக்குப் பின்னாடி, யாரு கண்ணுக்கும் படாத இடமாப் பார்த்து, நடுவுல ஒரு துண்டு எடுத்துட்டேன்" என்றார், பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி. திருடத் தெரியாதவர்கள் திருடக் கூடாது. ஒரு கொடியின் வயிற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டால் மேலே இருக்கிற உடம்பு என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கொடி சுவரில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றதால் எனக்கும் உடனே உறைக்கவில்லை.

அந்தத் துண்டை அத்தை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாரும் பார்க்காத மூலையில் ஊன்றினார். தொட்டி அங்கே லேசாகக் கசியும். வெயிலும் அவ்வளவாக விழாது. அதற்குப் பிறகு அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. திருட்டுப் பொருளின் முகத்தில் எப்படி விழிப்பது? துணி காயப்போடக்கூட என்னைத்தான் அனுப்பினார். பிடுங்கிப் பார்க்க ஆளில்லாததால் கொடி நிம்மதியாக வேர் விட்டது, கணுவுக்குக் கணு துளிர்த்தது, தொட்டியின் மேல் ஏறியது. நான் ஓடிவந்து சொன்னேன். அத்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்ப நிஜமாவே திருட்டுதான்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் தையல் கடைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து வரும்போது கடையைத் தாண்ட வேண்டியிருக்குமே என்று, ஒரு தெரு சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தார். தையல்காரர் கீழே இருந்து "அக்கா, வெற்றிலை!" என்று குரல் கொடுத்தால், "பல்லு வலி" என்று மேலே இருந்தே பதில் சொல்வார். மாடிக் கொடி நிறைய இலை. பறித்துக் கொண்டுவந்து மடித்துக் கொடுத்தால், ஒரு பக்கம் மென்றுவிட்டு, "இதுல ருசியே இல்ல" என்று துப்பிவிடுவார். இலையில் என்ன குறை? ஊரை அளக்க ஆளில்லாமல் போட்ட வெற்றிலை அது. சாயங்கால நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் அடையாளம் சொல்லித் துண்டு வாங்கிய அந்தக் காலமே பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

இதற்கிடையில் எங்கள் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்த இலைகள் வாடத் தொடங்கின. பிறகு மஞ்சளாகின. பிறகு ஒரு காற்றடித்த நாளில், சுவரை முழுங்கிய அந்தக் கொடி மொத்தமும் காய்ந்த வைக்கோலாகத் துவைக்கிற கல்லின்மேல் சரிந்து விழுந்தது. கீழே மிச்சமிருந்த கட்டையும் சோப்புத் தண்ணீரில் அழுகிவிட்டது.

அத்தை மாடிப் படியில் நின்று அதைப் பார்த்தார். தையல்காரர் அந்தச் சருகையெல்லாம் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை அப்படியே இறங்கிப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"நான்தான், தம்பி" என்றார் அத்தை. "நான்தான் வெட்டினேன். உங்க கத்திரியாலேயே வெட்டினேன். இத்தனை வருஷமா அடுத்தவங்க சாமான் ஒரு துரும்பு என் கையில தங்கினதில்ல. உங்களோடத எடுத்துட்டேன். அது மேல தழைச்சுக் கிடக்கு. முழுசா தோண்டிக் கொண்டுவந்து தந்துடறேன், வாங்கிக்குங்க."

தையல்காரர் பதறிப்போனார். "ஐயோ, தராதீங்க! தந்தா வருமா? நான் திருடிக்கிறேன்."

இரண்டு பேரும் இதை ரொம்ப நியாயமான ஏற்பாடாக ஒப்புக்கொண்டார்கள். "பிடுங்கிப் பார்க்காம விட்டாலே எல்லாம் வரும்" என்று நான் நடுவில் சொன்னேன். விவரம் தெரியாத பிள்ளை என்பது போல இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

முதல் தடவை தையல்காரர் மொட்டை மாடிக்குத் திருட வந்தபோது, அத்தை செய்தித்தாளை விரித்துக்கொண்டு, பார்க்காதவர் போல உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் வருஷக்கணக்கான பழக்கம் முந்திக்கொண்டது. "யாரது? என்ன வேணும்? அடையாளம் சொல்லுங்க!" திருடன் பயந்துபோய் வந்த வழியே இறங்கிவிட்டார்.

இரண்டாம் தடவை, "மெதுவா, அங்க வழுக்கும்!" என்றார். இவர் அக்கறையில் தீயை வைக்க. திருட்டு கெட்டுப்போயிற்று.

அதற்கடுத்த தடவை தையல்காரர் தொட்டி வரைக்கும் வந்து, ஒரு நுனியைப் பிடித்துக் கத்திரியையும் வைத்துவிட்டார். அத்தை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஐயய்யோ, அது இளசு, அழுகிடும்! கணுவுக்குக் கீழ வெட்டுங்க!"

தையல்காரர் கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னக்கா நீங்க? கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?"

"எப்படிய்யா இருக்கிறது?" அத்தைக்கும் கோபம் வந்துவிட்டது. "கண்ணு முன்னால ஒரு ஆளு தப்பா வெட்டினா, பார்த்துக்கிட்டு எவளால சும்மா இருக்க முடியும்?"

"நான் இருந்தேனே" என்றார் தையல்காரர்.

அத்தை திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடை ஜன்னல்ல எட்டிப் பார்த்தா கொல்லை தெரியும், பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க மேல எங்கயாவது கிள்ளுவீங்கன்னு நினைச்சேன். அடித்தண்டுல கத்திரிய வச்சப்ப எனக்கு உசிரே போயிடுச்சுக்கா. சத்தம் போட்டா உங்களுக்குக் கொடி வராதே. அதான் மெஷினைப் போட்டு மிதிச்சேன், கத்திரி விழற சத்தம் என் காதுல விழக் கூடாதுன்னு."

அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் அது திருட்டே இல்லை. அப்படியிருந்தும் கொடி தழைத்துவிட்டது. ஆக, இவர்களுடைய சாஸ்திரம் மொத்தமும் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. எடுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருவர் தன் கொடி சாகிறது என்று தெரிந்தும், தனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்பது அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அத்தை கொடிக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் கொழுந்தும் முற்றலுமாக ஒரு கை நிறைய வெற்றிலை. ஒன்றை மடித்து இந்தக் கன்னத்தில் அடக்கினார். இன்னொன்றை மடித்து அந்தக் கன்னத்தில் அடக்கினார். அதற்கும் மேல் இரண்டைச் சேர்த்து நடுவில் திணித்தார். இனி அந்த வாயிலிருந்து காற்றுகூட வர வழியில்லை. என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

தையல்காரர் படியேறி வந்தார். வழக்கமாக மூக்கில் தொங்கும் கண்ணாடியைக் காணோம். திருடப் போகிறவனுக்குக் கண்ணாடி எதற்கு என்று கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது. கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாமல் கொடியைக் கையால் தடவினார். மேலே தடவினார், நடுவில் தடவினார், குனிந்து, மண்ணை ஒட்டிய இடத்தில் அடித்தண்டைப் பிடித்தார். கத்திரியைத் திறந்து வைத்தார்.

அத்தையின் கண்கள் பிதுங்கின. நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. தொண்டைக்குள் என்னமோ "ம்ம்" என்று ஏறி, வெற்றிலையில் முட்டி, திரும்ப இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, அது அடி..." என்று நான் ஆரம்பித்த அந்த நொடியில், மடியில் மிச்சமிருந்த வெற்றிலையை அப்படியே வாரி அத்தை என் வாயில் அடைத்துவிட்டார்.

கத்திரி மூடியது. அத்தையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை.